எட்டுப் பயல்களுக்கு மாஸ்டராக இருப்பது எப்படி

செங்கோட்டையிலிருந்து புளியரைக்குப் போகும் வழியில், மெயின் ரோட்டை விட்டு வயல் பக்கம் இறங்கினால் ஒரு ஓட்டு வீடு வரும். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஆளில்லாத 13 முதல் 17 வயது வரை எட்டுப் பையன்கள், சமையலுக்கு ஒரு ஆச்சி, அப்புறம் நான். இதற்கு முன்னால் 14 வருஷம் கேரளா பார்டர் பக்கம் பரோட்டா போட்டேன். தோள்பட்டை ஒத்துழைக்காமல் கல்லை விட்டு இறங்கின சமயத்தில், "பையன்களுக்குச் சமைக்க ஆள் வேணும்" என்று கேட்டார்கள். சமைக்கப் போனவன் அப்படியே தங்கிவிட்டேன். ஆச்சி வந்தது அதற்குப் பிறகுதான். பையன்கள் இன்றைக்கும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் அவர்களுடைய கூட்டாளிகள் என்னைக் கராத்தே மாஸ்டர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் திருத்தவில்லை.

போன மாதம் இதே மாதிரி ஒரு வீட்டில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் வந்து ரெண்டு நாள் எங்களோடு இருந்தார். கிளம்பும்போது, "இதையெல்லாம் எழுதிக் கொடுங்க அண்ணாச்சி" என்றார். அவருக்காக எழுதியதுதான் இது.

சட்ட சமாச்சாரத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 2015ஆம் வருஷத்து இளஞ்சிறார் நீதிச் சட்டத்தில் இப்படிப்பட்ட வீட்டுக்குக் குழு வளர்ப்புப் பராமரிப்பு என்று பேர். ஒரு வீட்டில் 8 பேருக்கு மேல் கூடாது. பையனை அனுப்புவது குழந்தைகள் நலக் குழு. நம் இஷ்டத்துக்குச் சேர்க்கவும் முடியாது, வெளியே அனுப்பவும் முடியாது. ஒவ்வொரு பையனுக்கும் தனிநபர் பராமரிப்புத் திட்டம் என்று ஒரு ஃபைல் இருக்கும். அதை முழுக்க வாசியுங்கள். வாசித்ததை அவனிடம் காட்டிக்கொள்ளாதீர்கள்.

முதல் ராத்திரி

பெரும்பாலும் சாயங்காலம்தான் கொண்டுவந்து விடுவார்கள். கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை, காலில் அளவு சேராத செருப்பு. மற்ற ஏழு பேரும் வாசலில் கூடி நின்று பார்ப்பார்கள். அவர்களை முதலில் உள்ளே அனுப்புங்கள். "இவன் புதுப் பையன்" என்று நிறுத்தி வைத்து அறிமுகம் செய்கிற வேலையே வேண்டாம். பேர் என்ன, ஊர் என்ன, அப்பா என்ன செய்கிறார் என்று எதுவும் கேட்காதீர்கள். அன்றைக்குக் காலையிலிருந்து நாலு ஆபீசில் அதையே சொல்லிவிட்டுத்தான் வந்திருப்பான்.

நான் ரெண்டு கேள்விதான் கேட்பேன். "காரம் சேருமா?" "லைட்டை அணைச்சா தூக்கம் வருமா?"

பிறகு கக்கூஸ் கதவின் தாழ்ப்பாள் எப்படிப் போடுவது, தண்ணீர்க் குடம் எங்கே, நான் எந்த அறையில் படுக்கிறேன், காலையில் எத்தனை மணிக்கு எழுப்புவேன், இவற்றைக் காட்டிக் கொடுத்துவிடுவேன். கடைசியாக ஒரு சின்ன அலமாரியும் பூட்டும். ஒரு சாவி அவனிடம், இன்னொன்று கவரில் ஒட்டி ஆபீஸ் மேசையில். கவரை ஒட்டும்போது அவனையே அதன்மேல் கையெழுத்துப் போடச் சொல்வேன். அவனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் அந்த அலமாரியை நான் திறந்ததில்லை.

பார்டர் ஊரில் பாஷை ஒரு தனிப் பிரச்சினை. மலைக்கு அந்தப் பக்கம் ரப்பர் வெட்டப் போன தமிழ்க் குடும்பத்துப் பையன் ஒருவன் வந்தான். ஏழாவது வரை மலையாளத்தில் படித்தவன். சோறு போட்ட ஆச்சி "போதுமா?" என்று கேட்க, அவன் "மதி, மதி" என்றான். மலையாளத்தில் போதும் என்று அர்த்தம். ஆச்சி சங்கரன்கோயில் பக்கத்துக்காரி, மலையாளம் காதில் விழாத ஊர். ஒரு வாரம் அவனை "ஏ மதி, இங்க வாய்யா" என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இன்றுவரை வீட்டில் அவனுக்கு அதுதான் பேர். அதை அவன் ரசித்தான். மற்றவர்கள் "மலையாளத்தான்" என்று கேலி செய்ததை ரசிக்கவில்லை. ஒருநாள் எல்லோரையும் உட்காரவைத்து, "1956 நவம்பர் 1 வரைக்கும் இந்தச் செங்கோட்டையே திருவிதாங்கூர்-கொச்சியிலதாம்ல இருந்துச்சு. உங்க தாத்தா எந்த ஸ்டேட்டுல பொறந்தாருன்னு கேட்டுப் பாருங்க" என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். எட்டுப் பேரில் ரெண்டு பேருக்குத்தான் தாத்தா யாரென்று தெரியும். இந்த வேலையில் வாய் இப்படித்தான் வழுக்கும். பள்ளிக்கூடத்தில் தருகிற பாரத்தில் "தந்தை கையொப்பம்" என்ற இடமும் அப்படித்தான். அதை நான் முன்கூட்டியே வாங்கி, பாதுகாவலர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவேன். வகுப்பில் அவன் அதை வைத்துக்கொண்டு முழிக்கக் கூடாது. எட்டாவது வரைக்கும் சேர்க்கிற பையனுக்கு டி.சி. வரத் தாமதமானால் அதைக் காட்டிச் சேர்க்கை மறுக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. தலைமையாசிரியரிடம் தணிவாகப் பேசுங்கள், ஆனால் சட்டத்தைத் தெரிந்துவைத்துக்கொண்டு பேசுங்கள்.

சோறு

இது என் ஏரியா, கொஞ்சம் நீளும்.

இல்லத்துப் பிள்ளைகளுக்கான 2016 மாதிரி விதிகளில் ஒரு நாளைக்கு அரிசி, கோதுமை வகையறா 600 கிராம் என்று கணக்கு. 16 முதல் 18 வயது வரை மட்டும் 700 கிராம். அந்த வயதுப் பயல் எப்படித் தின்பான் என்பது விதி எழுதிய ஆபீசருக்கும் தெரிந்திருக்கிறது.

ஆனால் வயிறு நிறைந்த பிறகும் ஒளித்து வைப்பான். ஒரு நாள் காலையில் சுவரோரம் எறும்பு சாரை போட்டுப் போவதைப் பார்த்துப் பின்னாலேயே போனேன். அது ஒரு தலையணைக்குள் போய் நின்றது. கணக்கு நோட்டுத் தாளில் சுற்றின மூன்று சப்பாத்தி, அப்பளம் மாதிரி காய்ந்துபோய். கூடவே ஒரு கீற்றுத் தேங்காய், ஒரு துண்டு வெல்லம். பையனுக்கு 14 வயது. எங்கள் வீட்டுக்கு வந்து ரெண்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு வேளைகூடச் சோறு குறைந்ததில்லை.

நான் எறும்பை மட்டும் தட்டிவிட்டுத் தலையணை உறையை மாற்றினேன். சப்பாத்தியைப் பற்றி வாயே திறக்கவில்லை. அன்றைக்கே பாத்திரக்கடையில் இறுக்கமான மூடி போட்ட எட்டு டப்பா வாங்கினேன். அவனுக்கு மட்டும் வாங்கினால் அடையாளம் தெரிந்துவிடும். சனிக்கிழமை தோறும் பொரிகடலை, சேவு, ரஸ்க். "தீந்துட்டுன்னா புதன்கிழமையே சொல்லுங்கலே, காத்துக் கெடக்காதிய" என்றேன். முதல் மாதம் அவன் டப்பாவைத் தொடவே இல்லை, மேலே மேலே அடைத்துக்கொண்டே போனான். அதற்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை. நாலு மாதம் கழித்து, அவனே திறந்து காட்டினபோது உள்ளே சைக்கிள் பால்ரஸ் குண்டுகள் இருந்தன.

அடுக்களைக்குப் பூட்டுப் போடாதீர்கள். ராத்திரி பானையில் தண்ணீர் ஊற்றிய சோறு, பக்கத்தில் மோர், ஒரு கிண்ணத்தில் உரித்த சின்ன வெங்காயம். 11 மணிக்கு மேல் எவனாவது ஒருத்தன் வருவான். நானும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு எதிரில் உட்காராமல் பக்கத்தில் உட்காருவேன். ஃபைலில் இல்லாத பல சங்கதிகள் எனக்குத் தெரியவந்தது அந்த நேரத்தில்தான். ஞாயிற்றுக்கிழமை பரோட்டாவும் அப்படித்தான். மூன்று கிலோ மைதா, எண்ணெய் தடவி ஈரத்துணி போட்டு மூடி வைத்த மாவு, எட்டுப் பேரும் வரிசையாக நின்று உருண்டை பிடிப்பார்கள். கை வேலையில் இருந்து, கண் மாவில் இருந்தால் பையன் பேசுவான். நேருக்கு நேர் நாற்காலி போட்டு "மனசுல என்ன இருக்கு, சொல்லு" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல மாஸ்டர்" என்பான். ஆலோசகர் வருகிறபோதும் நான் அவரை அடுக்களைக்கே கூட்டிப்போய்விடுவேன். அவருக்கும் பரோட்டா வீசத் தெரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காத்திருப்பு

இந்த வேலையில் கஷ்டமான நாள் எது என்று கேட்டால், பையன் வீட்டிலிருந்து ஆள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போகிற நாள்.

ஒரு பையனின் அம்மா கொல்லம் பக்கம் அண்டியாபீசில் முந்திரி உடைக்கிற வேலை. மாதத்தில் ரெண்டாவது ஞாயிறு வருவாள். அன்றைக்கு 7 மணிக்கே குளித்து, தலைக்கு எண்ணெய் வைத்து, ரோட்டோரச் சின்னப் பாலத்துச் சுவரில் போய் உட்கார்ந்துவிடுவான். புளியரைப் பக்கமிருந்து கேரளா வண்டி வரும் ஒவ்வொரு தடவையும் எழுந்து நிற்பான். ஒரு ஞாயிறு அவள் வரவில்லை. நான் 10 மணிக்கும் "வந்துருவா" என்றேன், 12 மணிக்கும் "வந்துருவாலே" என்றேன், 2 மணிக்கு "அடுத்த வண்டியில இருப்பா" என்றேன். சாயங்காலம் அவன் குளியலறைக் குழாயை உடைத்தான். குழாய்க்குக் காரணம் அம்மா என்று அப்போது நினைத்தேன். இப்போது கேட்டால், என்னுடைய மூன்று "வந்துருவா"தான் காரணம் என்பேன்.

இப்போது செய்கிற முறை இது. "அம்மா வருவாங்க" என்று சொல்வதில்லை. "வர்றதா சொல்லியிருக்காங்க" என்கிறேன். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் அவனுக்கு நன்றாகவே தெரியும். காலை 6 மணிக்கு நானே போன் போட்டு, வண்டி ஏறியாயிற்றா என்று கேட்டுக்கொள்கிறேன். ஏறவில்லை என்றால் அந்த நிமிஷமே பாலத்துக்குப் போய்ச் சொல்கிறேன். அவனை ஆள் விட்டுக் கூப்பிடுவதில்லை. "அம்மாவால இன்னிக்கு வர முடியல. போன்ல அப்படித்தான் சொன்னாங்க." இவ்வளவுதான். பாவம் அவளுக்கு என்ன கஷ்டமோ என்று நாமாக ஒரு கதை கட்ட வேண்டாம், இவளெல்லாம் ஒரு தாயா என்றும் வேண்டாம். ரெண்டையும் அவன் வருஷக்கணக்கில் மனசில் வைத்திருப்பான். கொஞ்ச நேரம் பாலத்திலேயே உட்கார்ந்திருக்க விடுங்கள். மனசைத் திருப்ப வேண்டுமென்று அன்றைக்கு சினிமாவுக்கும் அருவிக்கும் கூட்டிக்கொண்டு ஓடாதீர்கள். வழக்கமான நேரத்தில் சோறு, வழக்கமான நேரத்தில் படுக்கை. திங்கள் காலை வகுப்பாசிரியரிடம் மட்டும், "இன்னிக்கு கொஞ்சம் விட்டுப் பிடிங்க சார்" என்று ஒரு வார்த்தை.

அம்மாக்களைத் திட்டாதீர்கள். ஒரு நாள் வந்துபோனால் அந்தக் கூலி போச்சு, பஸ் காசும் போச்சு. அடுத்த மாதம் அவள் வந்தபோது நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தோடு திண்ணை ஓரத்திலேயே ஒடுங்கி உட்கார்ந்தாள். பேசச் சொன்னால் ரெண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை. ஆச்சிதான் ஒரு முறம் அவரைக்காயை அவள் மடியில் தள்ளினாள். அரை மணி நேரத்தில் அம்மாவும் மகனும் சேர்ந்து நரம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்கள்.

ஆணியில் தொங்கும் நோட்டு

ஒரு மே மாதம், 15 வயதுப் பையன் ஒருவனிடம், "சீசன் ஆரம்பிச்சதும் ஐந்தருவிக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று சொன்னேன். ஜூனில் சாரல் வந்தது. முதல் ஞாயிறு காஸ் தீர்ந்துபோனது. அடுத்தது ஆடிட். அதற்கடுத்தது எனக்குக் கால்வலி. குற்றாலம் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். ஜூலையில் ஒரு விடியற்காலை அவன் கட்டிலில் போர்வைக்குள் தலையணைதான் இருந்தது.

பையன் காணாமல் போனால் வீட்டுப் பேர் கெட்டுவிடும் என்று அரை நாள் தானே தேடுகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தப்பைச் செய்யாதீர்கள். முதல் மணி நேரத்திலேயே காவல் நிலையம், குழந்தைகள் உதவி எண் 1098, குழந்தைகள் நலக் குழு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, நாலு இடத்திலும் சொல்லிவிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எடுத்த போட்டோவும் அங்க அடையாளமும் ஃபைலில் இருக்கட்டும். இங்கே ரயில் ஏறினால் அடுத்த ஸ்டேட், அதனால் அந்தப் பக்க ரயில்வே போலீசுக்கும் தகவல் போக வேண்டும். நான் கூடுதலாக, பரோட்டாக் கல்லில் பழக்கமான லாரி டிரைவர்களுக்கும் போன் போட்டேன். சாயங்காலம் ஆரியங்காவு டீக்கடையிலிருந்து ஒருவர் கூப்பிட்டார்.

திரும்பி வந்தவனைக் குளிக்கச் சொன்னேன், சோறு போட்டேன், தூங்கவிட்டேன். எதுவும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் வெங்காயம் உரிக்கும்போது அவனே சொன்னான்: "எங்கப்பாவும் நீங்களும் ஒண்ணுதான் மாஸ்டர். நாளைக்கு, நாளைக்குன்னே சொல்லுவிய."

அன்றைக்கு 40 பக்க நோட்டு ஒன்றைச் சணலில் கட்டி அடுக்களை ஆணியில் தொங்கவிட்டேன். நான் யாருக்கு என்ன சொன்னேன், எந்தத் தேதிக்குள் என்று அவர்களே எழுதுவார்கள். முடியாமல் போனால், அந்தத் தேதிக்கு முன்னால் நான் கைப்பட அங்கே காரணம் எழுத வேண்டும். தேதி கடந்த பிறகு எழுதினால் எனக்குத் தண்டம், எட்டுப் பேருக்கும் ரோஸ்மில்க். நோட்டு வந்ததிலிருந்து நான் வாக்குக் கொடுப்பது பாதியாகக் குறைந்துவிட்டது. "பாக்கலாம்" என்ற வார்த்தையைப் பையன்கள் தடை செய்துவிட்டார்கள். நீங்கள் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இந்த ஒரு நோட்டைப் போடுங்கள்.

கேக், கேமரா, கட்டிங்

உதவி செய்கிறவர்கள் நல்லவர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒரு நாள் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். வாசலில் பிறந்தநாள் கொண்டாட வந்த குடும்பத்தில், கேக் வெட்டப் போகிறவன் அவன் வகுப்புத் தோழன். பக்கத்து பெஞ்ச். அவன் கையால் இவன் கேக் வாங்கி, அதை அவன் அப்பா போட்டோ எடுக்க வேண்டும். நான் போய்க் கட்டிலுக்கு அடியிலேயே அவனோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். முதுகு பிடித்துக்கொண்டது.

இப்போது சாப்பாடு கொடுக்க விரும்புகிறவர்கள் பாத்திரத்தை முந்தின நாளே கொடுத்துவிட்டுப் போகலாம். போட்டோ கிடையாது. பிள்ளையின் அடையாளம் தெரிகிற மாதிரி படமோ பேரோ வெளியிட்டால், அந்த 2015 சட்டத்தின் 74வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும். வாட்ஸப் ஸ்டேட்டஸுக்கும் இதேதான். கோபித்துக்கொண்டு ரெண்டு பேர் வருவதை நிறுத்தினார்கள். நிறுத்தட்டும்.

மொத்தமாக ஒரே துணியில் எட்டுச் சட்டை வாங்காதீர்கள். ஒரே நாளில் ஒரே மாதிரி முடி வெட்டாதீர்கள். பள்ளிக்கூடத்தில் அதற்கு "ஹோம் கட்டிங்" என்றே பேர் வைத்திருக்கிறார்கள். காசைக் கையில் கொடுத்து அவனவன் சலூனுக்குப் போகட்டும். ஒருத்தன் காதோரம் கோடு போட்டு வந்தான், பார்க்கச் சகிக்கவில்லை, ஆனால் அது அவனே கேட்டு வெட்டிக்கொண்டது. மீசை அரும்பும்போது ரேசர் பிடிக்கக் கற்றுக் கொடுங்கள், அதற்கு வீட்டில் வேறு ஆள் இல்லை. 14, 15 வயதிலும் படுக்கையில் ஒன்றுக்குப் போகிறவன் இருப்பான். ரெண்டாவது விரிப்பு அவன் அலமாரியிலேயே இருக்கட்டும். விடியுமுன் அவனே அலசிப் போட்டுவிட்டால் பேச்சே வேண்டாம். தொடர்ந்தால் டாக்டர்.

கை ஓங்குதல்

முதல் வருஷம் ஒரு தடவை நான் கை ஓங்கினேன். பையன் பின்னால் நகரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, அடி சரியாக விழட்டும் என்பதுபோல முகத்தை நேராக வைத்துக்கொண்டான். அதோடு என் கை இறங்கியது. பிள்ளையை அடிக்கிற பணியாளருக்கு முதல் தடவை 10,000 ரூபாய் அபராதம், அடுத்த தடவை சிறையோ அபராதமோ ரெண்டுமோ என்று அதே சட்டத்தின் 82வது பிரிவு சொல்கிறது. எனக்கு அந்த முகமே போதுமானதாக இருந்தது. ஆத்திரம் வந்தால் இடத்தை விட்டுப் போய்விடுங்கள். நான் அடுக்களைக்குப் போய்ப் பல்லாரி நறுக்குவேன். "மாஸ்டர் வெங்காயம் வெட்டுதாரு" என்றால் எல்லோரும் அடங்கிவிடுவார்கள்.

இன்னொன்றைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். பெரியவன் சின்னவனைத் தொந்தரவு செய்வது பையன்கள் வீட்டிலும் நடக்கும். 17ஐயும் 13ஐயும் ஒரே அறையில் போடாதீர்கள். நடையில் ராத்திரி முழுக்க ஒரு பல்பு எரியட்டும். பையன் வந்து சொன்னால் நம்புங்கள். பிள்ளைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டப்படி தெரிந்ததைப் புகார் செய்தே ஆக வேண்டும். வீட்டுக்குள்ளேயே பேசி முடிக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை.

பதினெட்டு

18 முடிகிற அன்றைக்குத்தான் யோசிக்கிறார்கள். 16லேயே ஆரம்பியுங்கள். ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் பிறப்புச் சான்று, ஆதார், சாதிச் சான்று, மதிப்பெண் பட்டியல், நலக் குழுவின் ஆணை, பேங்க் பாஸ்புக். 10 வயது தாண்டினாலே பையன் தானே கணக்கு நடத்தலாம். அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை படித்துவிட்டு மேலே படிக்கிற பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. வீட்டை விட்டுப் போன பிறகு கிடைக்கிற பின்காப்பு உதவியை 21 வயது வரைக்கும் கேட்கலாம். அதற்கான மனுவை 17 முடியுமுன் குழுவின் மேசையில் வைத்துவிடுங்கள். ஐ.டி.ஐ. போகிறேன் என்பவனைக் கேலி செய்து பி.ஏ. பக்கம் தள்ளாதீர்கள்.

காகிதத்தைவிட இன்னும் கொஞ்சம் வேண்டும். மாதத்தில் ஒரு வாரம் மூத்த பையன்தான் எங்கள் வீட்டுக் கணக்கு: 500 ரூபாயோடு காய்கறி வாங்கி, மீதியை எழுதிக் கொடுக்க வேண்டும். முதல் வாரம் ஒருவன் 300 ரூபாய்க்கு முருங்கைக்காய் வாங்கி வந்தான். மூன்று நாள் சாம்பார், பொரியல், அவியல் எல்லாமே முருங்கை. ஒருத்தரும் அவனைத் திட்டவில்லை, அவனே திட்டிக்கொண்டான்.

போகும்போது என் நம்பரை அட்டையில் எழுதிக் கொடுக்கிறேன். அதே நம்பரைத்தான் பரோட்டாக் கடைக் காலத்திலிருந்து வைத்திருக்கிறேன், போன் மாறினாலும் அதை மாற்றவில்லை. போன வாரம் ராத்திரி 10 மணிக்கு மேல் திருப்பூரிலிருந்து போன். அந்த டப்பாப் பையன்தான், பனியன் கம்பெனியில் சேர்ந்து ரூம் எடுத்திருக்கிறான்.

"மாஸ்டர், ஒரு கிளாஸ் அரிசிக்கு எத்தனை கிளாஸ் தண்ணி?"

"குக்கரா, பானையா?"

"குக்கர்."

"அரிசி புதுசா, பழசா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. கடைக்காரனிடம் கேட்டுவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டான்.